மக்காச்சோளக் காட்டில் பூனைக்காலி

பூனைக்காலியைத் தொட்டுப் பார்க்காத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. ஒரு தடவை தொட்டவர்கள் மறப்பதும் இல்லை. வேலியோரம், கிணற்றடிப் புதர், ஓடைக்கரை என்று எதைப் பிடித்தாலும் ஏறிப் படரும் கொடி அது. மழைக்காலம் முடிந்ததும் பழுப்பு நிறத்தில், வெல்வெட் துணி போர்த்திய மாதிரி காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பார்க்கத்தான் வெல்வெட், அத்தனையும் சுணை. மேலே பட்டால் அன்னிக்குப் பூரா சொறிஞ்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். எங்க பக்கம் சாணியைக் கரைச்சுப் பூசிக் கழுவி விடுவாங்க. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பையன் இதை வாத்தியார் நாற்காலியில் தட்டிவிட்ட கதை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும்.

நகரத்து நண்பர்களுக்கு இது நாட்டு மருந்துக் கடை டப்பாவில் ‘பூனைக்காலி விதை’ என்று அறிமுகமாகியிருக்கலாம். இந்த விதையில் எல்-டோபா என்ற பொருள் இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கு ஆங்கில மருத்துவத்தில் கொடுப்பதும் அதே பொருள்தான்.

நம்ம வேலியில் வேண்டாத விருந்தாளியாக நிற்கும் இந்தச் செடியின் உறவுக்காரக் கொடி ஒன்று கடல் தாண்டிப் போனது. சுணை அரிக்காத, பயிருக்கென்று பழக்கிய சாதி அது. அமெரிக்காவில் லட்சக்கணக்கான ஏக்கர் மக்காச்சோளத்தின் நடுவே நின்றது. அங்கே மறைந்து போய், மத்திய அமெரிக்க மலைச்சரிவுகளில் மறுபடி தழைத்தது. அங்கேயும் தேய்ந்தது. போன இடத்தில் எல்லாம் மண்ணுக்கு நல்லதைத்தான் செய்தது. ஆனாலும் எங்கேயும் நிலைக்கவில்லை.

மக்காச்சோளம் போடுகிற எங்களுக்குள்ளே அடிக்கடி ஒரு கேள்வி வரும். மண்ணுக்கு நல்லதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பயிரை ஏன் யாரும் போடறதில்லை? பூனைக்காலியின் வரலாற்றில் இதுக்குப் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சோளம் தனியா வளர்ந்த பயிர் இல்லை

முதலில் மக்காச்சோளத்தைப் பற்றி. இது நம்ம வெள்ளைச் சோளம், செஞ்சோளத்திலிருந்து வேறான பயிர். பிறந்த இடம் மெக்சிகோ. அந்த நாட்டின் தென்மேற்கில் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பகுதியில், தியோசிந்தே என்ற காட்டுப்புல்லிலிருந்து ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன்னால் மனிதர்கள் இதை உருவாக்கினார்கள்.

பசி அதிகமான பயிர் இது. தழைச்சத்தை உறிஞ்சி எடுக்கும். முளைத்து முதல் ஐந்தாறு வாரம் செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை வெற்று மண் தெரியும். அந்த வெற்று மண்ணில் மழை அடித்தால் மேல்மண் கரைந்து ஓடும், வெயில் அடித்தால் ஈரம் போகும், ரெண்டும் இல்லாவிட்டால் களை வரும். இதை உருவாக்கிய மக்களுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருக்கு. அவர்கள் சோளத்தைத் தனியாக நடவில்லை. சோளத்தட்டில் ஏறிப்போக பீன்ஸ் கொடி, தரையை மூடப் பூசணிக் கொடி என்று மூன்றையும் ஒன்றாக நட்டார்கள். மெக்சிகோவில் அந்த வயலுக்கு மில்பா என்று பெயர். வடக்கே ஹோடெனோசோனி மக்கள் இந்த மூன்று பயிர்களையும் மூன்று சகோதரிகள் என்றார்கள். அங்கே விவசாயம் பெண்களின் கையில் இருந்தது.

1605-ல் இன்றைய மெய்ன் மாநிலத்தின் சாக்கோ ஆற்றங்கரைக்கு சாமுவேல் டி ஷாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் போனார். மூன்றடிக்கு ஒரு குத்து சோளம், குத்துக்கு மூணு நாலு பீன்ஸ், பக்கத்திலேயே பூசணி, களை இல்லாத சுத்தமான நிலம் என்று எழுதி வைத்திருக்கிறார். ஏர் இல்லை, மாடு இல்லை, மண்வெட்டி மாதிரியான கருவிகள் மட்டும். வரிசைக்கு நடுவே உள்ள இடத்தைச் சும்மா விடாமல் வேலை வாங்கியதுதான் அவர்களுடைய தொழில்நுட்பம்.

ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துக்கொண்டார்கள். கூட இருந்த சகோதரிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அவர்கள் குதிரை பூட்டிக் களை எடுக்கிறவர்கள். குதிரை நடக்க வரிசைக்கு நடுவே மூன்றரை அடி போல வேண்டும், கொடி படர்ந்திருந்தால் குதிரை நடக்க முடியாது. பீன்ஸ் இருந்த இடம் குதிரைக்குப் போனது. குதிரை நடந்த மண் வெற்று மண்ணாக நின்றது.

திண்ணைக் கொடி வயலுக்கு வந்தது

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தியும் சோளமும் மாறி மாறிப் போட்டு, 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மண் தேய்ந்து போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் பூனைக்காலி வந்து சேர்கிறது. ஆசியாவிலிருந்து போன இந்தக் கொடி 1870களில் புளோரிடாவில் இருந்தது. முதலில் யாரும் அதை வயலில் போடவில்லை. வீட்டு முன்னால் பந்தலில் ஏற்றிவிட்டார்கள், நாம சங்குப்பூ ஏற்றிவிடுகிற மாதிரி. நிழலுக்கும் அழகுக்கும். இங்கிலீஷில் அதற்கு வெல்வெட் பீன் என்று பெயர்.

1890களில் அது வயலுக்கு இறங்கியது. மணல் பூமியில்கூடக் காடாகப் படர்ந்தது. வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்தது. இலை உதிர்ந்து தரையில் மெத்தை போலக் கிடந்தது. ஒரே சிக்கல், காய் முற்ற எட்டு ஒன்பது மாசம் ஆகும். புளோரிடாவைத் தாண்டினால் பனி வந்து கொடியைக் கொன்றுவிடும். பிறகு ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் சில விவசாயிகளின் வயலில் சீக்கிரம் காய்க்கிற செடிகள் தானாகவே தோன்றின. அதைக் கவனித்து விதை எடுத்துப் பெருக்கியவர்களும் விவசாயிகள்தான். அதன் பிறகு பரவிய வேகம் பெரிது. 1917 வாக்கில் தென் மாநிலங்கள் முழுக்க லட்சக்கணக்கான ஏக்கரில் பூனைக்காலி நின்றது.

பெரும்பாலும் தனிப்பயிராக அல்ல, சோளத்தோடு. ஒரு வரிசை சோளம், ஒரு வரிசை பூனைக்காலி, அல்லது சோளத்தை அகல வரிசையில் போட்டு நடுவே இதை ஊன்றுவது. கொடி சோளத்தட்டில் ஏறிக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் கதிரை மட்டும் கையால் ஒடித்து எடுத்துவிடுவார்கள். பனி விழுந்து கொடி காய்ந்ததும் மாட்டையும் பன்றியையும் உள்ளே விட்டுவிடுவார்கள். குளிர்காலம் முழுக்கத் தீவனச் செலவு இல்லை. சாணியும் அங்கேயே விழும். மிச்சம் இருக்கிறதை வசந்தத்தில் மடக்கி உழுதால் அடுத்த பயிருக்கு உரம்.

அதே காலத்தில் தென் கரோலினாவின் டார்லிங்டனில் வில்லியம்சன் என்ற விவசாயி சோளத்துக்கு ஆறடி வரிசை விடுகிற முறை ஒன்றைப் பிரபலப்படுத்தினார். கடைசிக் களை எடுத்ததும் நடுவே தட்டைப்பயறு விதைப்பது அந்த முறையின் ஒரு பகுதி. அந்தத் தட்டைப்பயறு அமெரிக்காவுக்கு வந்த வழி வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு வரப்பட்ட மக்களோடு வந்த பயிர் அது.

மண்ணின் மேல் பாசம் பொங்கித்தான் விவசாயிகள் இதற்கு மாறினார்கள் என்று நினைக்க வேண்டாம். பருத்திக்காய் வண்டு என்ற பூச்சி 1892 வாக்கில் மெக்சிகோவிலிருந்து டெக்சாசுக்குள் நுழைந்து, வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்து, அலபாமாவையும் ஜார்ஜியாவையும் பிடித்துவிட்டது. பருத்தி போனதும் மாடு, பன்றி வளர்ப்புக்கு மாற வேண்டிய கட்டாயம். மாட்டுக்குத் தீவனம் வேண்டும். பூனைக்காலி தீவனமாகத்தான் உள்ளே வந்தது. மண்வளம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த கொசுறு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போட முடியாதவர்கள்

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் சொந்த நிலமும் சொந்த மாடும் இருந்தவர்கள். தென் மாநிலங்களில் விவசாயம் செய்த கறுப்பின மக்களில் பெரும்பகுதியும், ஏழை வெள்ளையர்களில் நிறைய பேரும் வாரத்துக்கு உழுதவர்கள். நிலம் வேறொருத்தருடையது. விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடை முதலாளி கடன் கொடுப்பார், வரப்போகிற பருத்தியை அடமானமாக வைத்துக்கொண்டு. பருத்தி போட்டால்தான் கடன். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் பாக்கிதான் மிஞ்சும். அடுத்த வருஷம் அதே நிலத்தில் இருப்போமா என்று தெரியாது.

அலபாமாவில் டஸ்கேகி கல்வி நிறுவனத்துக்கு 1896-ல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வந்தார். அடிமைத்தனத்தில் பிறந்து, படித்து, விஞ்ஞானியானவர். தேய்ந்துபோன பருத்தி நிலத்தைத் திருப்பிக்கொண்டுவர தட்டைப்பயறு, நிலக்கடலை போன்ற பயறு வகைகளைப் போடச் சொல்லி எளிய மொழியில் கையேடுகள் எழுதினார். 1906-லிருந்து குதிரை வண்டியில் ஒரு நடமாடும் பள்ளியை டஸ்கேகி ஊர் ஊராக அனுப்பியது. அவர் தட்டைப்பயறைச் சமைப்பது எப்படி என்றும் சேர்த்தே எழுதினார். அதில் ஒரு கூர்மை இருக்கிறது. விற்க முடியாவிட்டாலும் வீட்டில் சாப்பிட முடிந்தால்தான் ஏழைக்குடும்பம் ஒரு வரிசையை அதற்கு ஒதுக்கும்.

ஆனாலும் வாரக்காரருக்கு இருந்த சிக்கல் அறிவுரையால் தீர்கிற சிக்கல் இல்லை. இந்த வருஷம் போட்ட பயறு, அடுத்த வருஷச் சோளத்துக்குத்தான் உரம். அடுத்த வருஷம் அந்த நிலத்தில் வேறொருத்தர் உழுதால், இவர் விதை வாங்கியது யாருக்காக?

ஆலையும் டிராக்டரும்

இரண்டாம் உலகப் போரில் வெடிமருந்துக்காக அமெரிக்க அரசு அம்மோனியா ஆலைகளைக் கட்டியது. போர் முடிந்ததும் அந்த ஆலைகளின் சரக்கு உரமாக வயலுக்கு வந்தது. பூனைக்காலி ஒரு பருவம் முழுக்க நின்று சேர்க்கிற தழைச்சத்து ஒரு மூட்டையில் கிடைத்தது, அதுவும் மலிவாக. குதிரை போய் டிராக்டர் வந்தது. கையால் கதிர் ஒடித்த காலம் போய் இயந்திரம் அறுத்தது. கொடி பின்னிக் கிடக்கிற சோளத்தில் இயந்திரம் ஓடாது. எண்ணெய்க்கும் தீவனத்துக்கும் சோயா வந்தது, அதற்குச் சந்தையும் இருந்தது. பூனைக்காலி விதைக்கு அப்படி ஒரு சந்தை இல்லை. எல்-டோபா இருப்பதால் தட்டைப்பயறு மாதிரி வேகவைத்துச் சாப்பிட்டுவிட முடியாது.

குதிரை நடக்க இடம் தேவையில்லை என்றானதும் வரிசைகள் நெருங்கின. மூன்றரை அடியாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இன்று அமெரிக்கச் சோளக் காடுகளில் பெரும்பாலும் இரண்டரை அடி. சீக்கிரம் இலை மூடிக்கொள்ளும், வெயில் வீணாகாது, மகசூல் கூடும். அது உண்மைதான், மறுக்க முடியாது. மூடுவதற்கு முன் வருகிற களைக்கு மருந்து வந்தது. 1958-ல் அட்ரசின் என்ற களைக்கொல்லி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சோளத்தை ஒன்றும் செய்யாது, மற்ற பெரும்பாலான செடிகளைக் கொல்லும். பயறு வகையும் அதில் அடக்கம். அதாவது வரிசைக்கு நடுவே இன்னொரு பயிர் என்ற எண்ணத்தையே அது முடித்து வைத்தது. நிலத்தடி நீரில் இறங்குகிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் அதை விலக்க முடிவு செய்தது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இன்னும் விற்கிறது.

இந்த மாற்றத்துக்கு விலை இருந்தது. அமெரிக்காவின் மத்திய மேற்கில் இருக்கிற சோளப் பிரதேசத்தில், கறுப்பு மேல்மண் முழுக்கக் கழன்றுபோன நிலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று 2021-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். உழவும் வெற்று மண்ணும் சேர்ந்து நூற்றைம்பது வருஷத்தில் செய்த வேலை.

வாழைத் தோட்டத்துக் கோவேறு கழுதைகள்

தென் மாநிலங்களில் பூனைக்காலி செல்வாக்காக இருந்த காலத்திலேயே, 1920களில், யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனி அதைக் குவாத்தமாலாவுக்குக் கொண்டு போனது. வாழைத்தாரைச் சுமந்து ரயிலடிக்குக் கொண்டுவர கோவேறு கழுதைகள் இருந்தன, அவற்றுக்குத் தீவனம் வேண்டும். தோட்டத் தொழிலாளர்கள் சோளம் போட்டுக்கொள்ளலாம், ஆனால் நடுவே பூனைக்காலி போட வேண்டும், அறுவடைக்குப் பிறகு கழுதைகள் மேயும் என்று ஏற்பாடு. டிராக்டர் வந்ததும் கழுதை போனது. கம்பெனிக்குப் பூனைக்காலி தேவைப்படவில்லை.

ஆனால் இந்தத் தடவை கொடி சாகவில்லை. க்யெக்சி என்ற மாயா இனத்து விவசாயிகள் அதன் குணத்தைப் பார்த்துவிட்டார்கள். சோளத்துக்குப் பிறகு களை முளைக்கவில்லை, மண் கறுத்துப் பொலபொலவென்று ஆகிவிட்டது. தங்கள் நிலத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கிருந்து வாய்வழியாக, கைமாறிய விதை வழியாக, 1970களில் ஹோண்டுராசின் வடக்குக் கடற்கரை மலைச்சரிவுகளுக்கு வந்தது. விளம்பரம் செய்த அதிகாரி யாரும் இல்லை. மக்கள் அதற்கு வைத்த பெயருக்கு ‘உர பீன்ஸ்’ என்று அர்த்தம். விதையை வறுத்துப் பொடித்துக் காப்பி போலக் குடிக்கிற பழக்கமும் வந்தது, அதனால் சில இடங்களில் அதற்கு நெஸ்கஃபே என்றே பெயர்.

அவர்கள் செய்த முறை எளிமையானது. முதல் வருஷம் சோளம் முளைத்து ஒரு மாசம் இரண்டு மாசம் கழித்து நடுவே பூனைக்காலி ஊன்றுவார்கள். சோளம் அறுத்த பிறகு கொடி நிலத்தை முழுக்க மூடிவிடும், மழைக்காலம் முழுக்க அப்படியே கிடக்கும். டிசம்பர் வாக்கில் அரிவாளால் வெட்டிச் சாய்த்துவிட்டு, அந்த மூடாக்கைக் கம்பால் குத்தி சோள விதையைப் போடுவார்கள். உழவு இல்லை, தீ வைப்பது இல்லை, உர மூட்டை இல்லை. விழுந்து கிடந்த விதையிலிருந்து பூனைக்காலி தானாக முளைத்து அடுத்த சுற்றைத் தொடங்கும். செங்குத்தான சரிவில், வருஷத்துக்கு நம்ம ஊரைப் போல மூன்று மடங்கு மழை கொட்டுகிற இடத்தில், பதினைந்து வருஷம் தொடர்ந்து சோளம் போட்ட நிலமும் தேயவில்லை. மகசூல் பூனைக்காலி இல்லாத பக்கத்து நிலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1990களின் தொடக்கத்தில் அந்தப் பகுதியின் மலைச்சரிவு விவசாயிகளில் பாதிக்கு மேல் இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அங்கேயும் அது தேய்ந்தது. பத்து வருஷத்துக்குள் பலர் விட்டுவிட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்தபோது கிடைத்த காரணங்களில் மண்ணைப் பற்றிய குறை எதுவும் இல்லை. ரோடு வந்தது, நிலத்துக்கு விலை ஏறியது. மாட்டுப்பண்ணைக்காரர்கள் சரிவுகளை வாங்கி மேய்ச்சல் நிலமாக்கினார்கள். குத்தகைக்கு நிலம் கிடைப்பது கஷ்டமானது. வருஷம் பூராவும் நிலத்தைப் பிடித்துக்கொள்கிற பயிர் குத்தகைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. கவனிப்புக் குறைந்த நிலத்தில் ஒரு முரட்டுப் புல் புகுந்து பூனைக்காலியையே அமுக்கியது.

அலபாமாவின் வாரக்காரரை நினைத்துப் பாருங்கள். எண்பது வருஷம் கழித்து, வேறொரு நாட்டில், அதே கணக்கு.

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டுக்கு 1980களின் பிற்பகுதியில் பூனைக்காலி போனபோதும் இந்தப் பாடம்தான். ஆராய்ச்சி நிலையம் அதை மண்வளத்துக்காக அறிமுகப்படுத்தியது. விவசாயிகள் எடுத்துக்கொண்டது வேறு காரணத்துக்காக. எவ்வளவு வெட்டினாலும் வேரிலிருந்து முளைக்கிற ஒரு கூரான புல் அவர்கள் சோளக்காட்டைப் பிடித்திருந்தது, பூனைக்காலி அதை நிழல் போட்டுக் கொன்றது. களை வெட்டுகிற முதுகுவலி மிச்சம். பத்து வருஷத்துக்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போட்டன.

ஐந்தடி வரிசை

இப்போது அமெரிக்காவில் சக்கரம் திரும்புகிறது. கடந்த சில வருஷங்களாக அயோவா போன்ற மாநிலங்களில் சில விவசாயிகள் சோள வரிசையை இரண்டரை அடியிலிருந்து ஐந்தடிக்கு விலக்கிப் பார்க்கிறார்கள். ஏக்கருக்கு அதே எண்ணிக்கைச் செடி, ஆனால் வரிசைக்குள் நெருக்கமாக. நடுவே கிடைக்கிற வெயிலில் தட்டைப்பயறு, முள்ளங்கி, புல் வகைகள் என்று கலந்து விதைக்கிறார்கள். கதிர் அறுத்ததும் மாட்டை விடுகிறார்கள். ஆறடி வரிசையும் குளிர்கால மேய்ச்சலும் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தெற்கில் இருந்த ஏற்பாடு. இப்போது புது முயற்சி என்று பேர்.

சோதனை வயல்களில் சில இடத்தில் மகசூல் கிட்டத்தட்ட நின்றது, பல இடத்தில் குறைந்தது. மாடு வைத்திருப்பவருக்கு அந்தக் குறைவைத் தீவனம் ஈடுகட்டுகிறது. மாடு இல்லாதவருக்குக் கை நஷ்டம். அயோவாவில் மூடுபயிர் போட்டால் பயிர்க் காப்பீட்டில் ஏக்கருக்கு 5 டாலர் தள்ளுபடி கொடுக்கிறார்கள். அப்படியும் 2022 வேளாண் கணக்கெடுப்பில் அமெரிக்கா முழுக்க மூடுபயிர் நின்றது சுமார் 1 கோடியே 80 லட்சம் ஏக்கர், மொத்தப் பயிர் நிலத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. அயோவாவின் விவசாய நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகை நிலம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம்ம காட்டில்

பெரம்பலூர்ப் பக்கம் எங்களுக்கு மக்காச்சோளம் மானாவாரிப் பயிர். புரட்டாசி மழைக்கு விதைத்து தை, மாசியில் ஒடிக்கிறோம். போகிற இடம் பெரும்பாலும் கோழித்தீவன ஆலை. நீங்கள் கடையில் வாங்குகிற முட்டையில் எங்கள் காடும் கொஞ்சம் இருக்கிறது. வரிசைக்கு இரண்டடி. விதைத்த மூணாம் நாள் அட்ரசின். களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை, அதனால் அடிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பயறு ஊடுபயிர் போடுவதாக இருந்தால் அட்ரசின் அடிக்காதீர்கள் என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. அதனால் மருந்தா, பயறா என்பதை விதைக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

என் சொந்தக் காட்டில் இரண்டு சோள வரிசையை நெருக்கி, அடுத்த ஜோடிக்கு மூன்றரை அடி விட்டு, நடுவே தட்டைப்பயறு போடுகிறேன். பூனைக்காலி போடுவதில்லை, எங்கள் மழைக்கு அது பெரிய உடம்பு. சோளத்தையே இழுத்துச் சாய்த்துவிடும். தட்டைப்பயறில் காய் வீட்டுக்கு, கொடி மாட்டுக்கு, உதிர்ந்தது மண்ணுக்கு. களை வெட்டும் ஒன்று குறைகிறது. குத்தகைக்குப் பிடித்திருக்கிற காட்டில் தனிச்சோளம்தான், மருந்துதான். ஒரே ஆள், ஒரே அறிவு, ஒரே மாடு. இரண்டு காட்டுக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஒன்றில் அடுத்த வருஷமும் நான்தான் இருப்பேன், இன்னொன்றில் தெரியாது.

எங்கள் ஊரில் குத்தகை எல்லாம் வாய்ப்பேச்சுதான், வருஷத்துக்கு வருஷம். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1955-ல் குத்தகை விவசாயிகளை வெளியேற்றாமல் பாதுகாக்கச் சட்டம் வந்தது. அது பலருக்கு நிலத்தில் பிடிமானம் கொடுத்த சட்டம். ஆனால் அதற்குப் பயந்தே பல நில உடைமையாளர்கள் எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரே ஆளுக்குத் தொடர்ந்து விடவும் தயங்குகிறார்கள். நிலம் வைத்திருப்பவர்களில் நிறைய பேர் இப்போது சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். இந்தப் பதிவைப் படிக்கிற உங்களில் சிலருக்கும் ஊரில் தாத்தா காலத்து நிலம் ஏதாவது இருக்கலாம். யாரோ ஒருத்தர் உழுதுகொண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை பணமோ மூட்டையோ கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

அப்படி இருந்தால் ஒரு வேண்டுகோள். இயற்கை விவசாயம் பண்ணுங்க, மருந்து அடிக்காதீங்க என்று அவருக்குப் போனில் சொல்வதற்கு முன்னால், “அஞ்சு வருஷத்துக்கு நீங்களே வெச்சுக்குங்க” என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நல்ல வக்கீலைக் கேட்டு, இரண்டு பேருக்கும் பயம் இல்லாத மாதிரி எழுதிக் கொடுங்கள். அந்த அஞ்சு வருஷத்தில் வரிசைக்கு நடுவே என்ன போடுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.